தொடர்ச்சிச் செய்தியும் டைனோசரும்: 'ஜுராசிக் வேர்ல்ட் ரீபேர்த்' படத்தின் நிறைகளும் குறைகளும்

செய்தி மேசையில் நெடுங்காலம் பணியாற்றியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். முதல்நாள் செய்தியை எழுதுவது இலகு. மறுநாள் செய்தியை எழுதுவதுதான் கடினம். முதல்நாள், சம்பவமே வாசகரை இழுத்து வைத்திருக்கும். மறுநாள் அதே சம்பவத்தைப் பற்றி எழுதுவதாயின் கையில் புதிய தகவல் ஒன்றாவது இருக்கவேண்டும். புதிய தகவல் கிடைக்காத செய்தியாளர் என்ன செய்வார்? தலைப்பின் எழுத்துக்களைப் பெரிதாக்குவார். முடிவில் ஓர் ஆச்சரியக்குறியையும் சேர்த்துக்கொள்வார்.

2025 ஜூலையில் திரைக்கு வந்த 'ஜுராசிக் வேர்ல்ட் ரீபேர்த்' படத்தைப் பார்த்தபோது எனக்கு இந்த ஞாபகமே வந்தது. 1993இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் தொடக்கிவைத்த வரிசையில் இது ஏழாவது படம். 1997, 2001, 2015, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வந்தவை இடைப்பட்ட ஐந்தும். ஒரே சம்பவத்தைப் பற்றிய ஏழாம் நாள் செய்தியில் எழுதுவதற்கு என்ன எஞ்சியிருக்கும்? இக்கேள்விக்கு விடைகாண, இந்தக் கதை தொடங்கிய இடத்திற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

ஷெர்லொக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கொனன் டொயில் 1912இல் 'தொலைந்த உலகம்' என்ற நாவலை எழுதினார். தென்னமெரிக்க மேட்டுநிலம் ஒன்றில் அழியாமல் எஞ்சியிருக்கும் ஆதிகால விலங்குகளைத் தேடிச்செல்லும் குழுவொன்றின் கதை அது. நாவலின் முடிவில் இலண்டன் மண்டபமொன்றில் விஞ்ஞானிகள் காட்டுவது பறக்கும் ஊர்வன ஒன்றை மட்டுமே. 1925இல் அது மௌனப் படமாக வந்தபோது, இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டது மாபெரும் புரொன்டோசரஸ்! அது தெருக்களில் ஓடி, தேம்ஸ் நதிப் பாலத்தை உடைத்துக்கொண்டு நீரில் விழுந்து நீந்திச் செல்லும். எழுத்துக்களைப் பெரிதாக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

ஆயினும் அந்தப் படத்தில் ஒரு மெய்யான புதுமை இருந்தது. வில்லிஸ் ஓபிரையன் என்ற கலைஞர் சிறிய பொம்மைகளைச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியாகப் படம்பிடித்து விலங்குகளுக்கு உயிரூட்டினார். படம் முடிவடைவதற்கு முன்பே, 1922இல், அதன் சோதனைக் காட்சிகளை நியூயோர்க்கில் மந்திரவித்தைக்காரர்களின் சங்கக் கூட்டமொன்றில் கொனன் டொயில் திரையிட்டார். அவை எவ்வாறு உருவாயின என்று கூற அவர் மறுத்துவிட்டார். மறுநாள் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகை அதனை வியப்போடு செய்தியாக்கியது. பார்வையாளரை ஏமாற்றுவதையே தொழிலாகக் கொண்டவர்களை ஒரு நாவலாசிரியர் திகைக்கவைத்தார் என்பது பத்திரிகைக்காரர் எவரும் தவறவிடாத செய்திதான்.

அதே ஓபிரையன்தான் 1933இல் 'கிங் கொங்' படத்திற்கும் உயிரூட்டினார். அது மார்ச் மாதத்தில் வெளியாகிப் பெருவெற்றி பெற்றது. அதே ஆண்டு டிசெம்பரிலேயே 'கொங்கின் மகன்' வந்துவிட்டது. அவசரமாகத் தயாரிக்கப்பட்ட அந்தத் தொடர்ச்சிப் படத்தை இன்று நினைவுகூர்பவர்கள் மிகச் சிலரே. புதிய தகவல் இல்லாத மறுநாள் செய்திக்கு அதனைவிடப் பழைய உதாரணம் டைனோசர் சினிமாவில் எனக்குத் தென்படவில்லை.

இனி 1993க்கு வருவோம். மைக்கல் கிரைட்டனின் 1990ஆம் ஆண்டு நாவலைத் தழுவிய 'ஜுராசிக் பார்க்' கணினியின் வெற்றி என்றே பலராலும் கூறப்படுகிறது. அது பாதி உண்மை. இரண்டு மணிநேரத்திற்கும் சற்று மேற்பட்ட அப்படத்தில் டைனோசர்கள் தோன்றுவது ஏறக்குறைய கால்மணி நேரமே. அதிலும் கணினியால் உருவானவை ஒரு பகுதிதான். ஏனையவை ஸ்டான் வின்ஸ்டனின் குழுவினர் செய்த இயந்திர உருவங்கள். அப்படத்தின் மெய்யான பலம் வேறொன்று. அதன் கையில் புதிய தகவல் இருந்தது.

டைனோசர்கள் சேற்றில் புரளும் மந்தமான பெரும் பல்லிகள் என்பதே நீண்டகாலமாகப் பொதுமக்களின் எண்ணம். 1969இல் ஜோன் ஒஸ்ட்ரொம் என்ற அமெரிக்க அறிஞர் டெய்னோனிக்கஸ் என்ற விலங்கை விவரித்தபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. விரைந்து ஓடக்கூடிய, பறவைகளுக்கு உறவான விலங்கு அது. பின்னர் மொன்டானாவில் ஜக் ஹோர்னர் கண்ட கூடுகள், சில டைனோசர்கள் குஞ்சுகளைப் பேணி வளர்த்தன என்பதை உணர்த்தின. ஆய்வேடுகளில் உறங்கிய இச்செய்திகளை ஒரே மாலைப்பொழுதில் உலகிற்கு அறிவித்த படம் 'ஜுராசிக் பார்க்'. ஹோர்னரே அதன் ஆலோசகர்.

1997இல் ஸ்பீல்பேர்க்கே இயக்கிய இரண்டாவது படத்திலும் இதன் எதிரொலி இருந்தது. காயமுற்ற குட்டியைத் தேடி இரண்டு டைரனோசரஸ்கள் வரும் காட்சியில் அவை அரக்கர்கள் அல்லர்; பெற்றோர். மலைவிளிம்பில் தொங்கும் வாகனத்தின் கண்ணாடி ஒரு பெண்ணின் உடற்பாரத்தால் மெல்ல மெல்ல விரிசல் காணும் காட்சி இன்றைக்கும் மூச்சை அடைக்கும். ஆனால் இறுதிப் பகுதியில் விலங்கு சான்டியாகோ நகரத் தெருக்களில் அலைவது 1925ஆம் ஆண்டின் இலண்டன் காட்சியின் மறுபதிப்பே. கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டிருந்த விலங்கு மாலுமிகளை எவ்வாறு கொன்றது என்ற கேள்விக்கும் படத்தில் விடையில்லை.

இதன் பின்னர் படங்கள் ஒரு வழியிலும் விஞ்ஞானம் வேறொரு வழியிலும் நடந்தன. 1996இல் சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் இறகுப் போர்வையின் தடயத்துடன் ஒரு சிறிய டைனோசர் அறிவிக்கப்பட்டது. வெலொசிராப்டரின் முன்கை எலும்பில் இறகுகள் பொருந்தியிருந்த முடிச்சுகள் 2007இல் இனங்காணப்பட்டன. மெய்யான வெலொசிராப்டர் வான்கோழியளவு உடல்கொண்டது. திரையிலோ அது பல ஆண்டுகளாக மனித உயரத்தில், பளபளக்கும் தோலுடனேயே ஓடியது. 2022ஆம் ஆண்டுப் படத்தில்தான் இறகுகளால் போர்த்திய டைனோசர்களைத் தெளிவாகக் கண்டோம். அந்தப் படமோ வெட்டுக்கிளிகளின் பின்னால் ஓடித் தன் பாதையை மறந்தது. நிலம் ஒவ்வோர் ஆண்டும் புதிய செய்தியைத் தந்துகொண்டிருக்க, திரை அதனைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளவில்லை. மாறாக, 2015 முதல் கலப்பினப் பூதங்களைத் தானே உற்பத்தி செய்யத் தொடங்கியது.

இந்தப் பின்னணியில்தான் கரெத் எட்வேர்ட்ஸ் இயக்கிய ஏழாவது படத்தை நோக்கவேண்டும். கதையை எழுதியவர் முதலிரு படங்களுக்கும் திரைக்கதையில் பங்களித்த டேவிட் கெப். இருதய நோய்க்கான மருந்தொன்றைத் தயாரிப்பதற்காக கடல், நிலம், வானம் ஆகிய மூன்றிலும் வாழும் மாபெரும் விலங்குகள் மூன்றின் இரத்தத்தை எடுத்துவர, ஆட்கள் தடைசெய்யப்பட்ட தீவொன்றுக்குச் செல்கிறார்கள். ஸ்கார்லட் ஜொஹான்சன், மஹர்ஷலா அலி, ஜொனதன் பெய்லி ஆகியோர் முக்கிய பாத்திரங்களில் நடித்துள்ளனர்.

நிறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். படத்தின் தொடக்கத்திலேயே உலகம் டைனோசர்களில் அலுப்படைந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறார்கள். நோயுற்ற பெருவிலங்கொன்று நியூயோர்க்கில் போக்குவரத்தைத் தடைசெய்து கிடக்கிறது. மக்கள் அதனை இரக்கத்தோடு பார்க்கவில்லை, எரிச்சலோடு பார்க்கிறார்கள். தன் நிலையை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்ட தொடர்ச்சிப் படத்தை நான் கண்டதில்லை. இரண்டாவது நிறை, உறங்கும் டைரனோசரஸின் அருகே ஆற்றங்கரையில் ஒரு குடும்பம் காற்றடைத்த தெப்பத்தை இழுத்துச் செல்லும் காட்சி. கிரைட்டனின் முதல் நாவலில் இருந்தும் 1993இல் படமாகாமற்போன பகுதியின் மறுவடிவம் இது. ஆரவாரம் இல்லை; சத்தம் எழுந்துவிடக்கூடாதே என்ற அச்சம் மட்டுமே. மூன்றாவதும் சிறந்ததுமான நிறை, உயர்ந்த புல்வெளியில் டைட்டனோசரஸ் கூட்டத்தைத் தொல்லுயிரியலாளர் முதன்முறையாகக் காணும் காட்சி. வாழ்நாள் முழுவதும் எலும்புகளை மட்டும் கண்ட மனிதர், உயிருள்ள விலங்கின் காலைத் தொட்டுக் கண்கலங்குகிறார். அங்கே அது மீண்டும் ஒரு விலங்கு.

குறைகளும் சிறியன அல்ல. வேட்டைக் குழுவின் கதை ஒருபுறமும், கடலில் தத்தளித்து மீட்கப்பட்ட குடும்பத்தின் கதை மறுபுறமும் ஓடுவதால் இரண்டும் முழுமையடையவில்லை. பல கோடி டொலர் பெறுமதியான ஆய்வுகூடத்தின் அழிவுக்கு ஒரு மிட்டாய்த் தாள் காரணமாவதை நம்புவது கடினம். தேடப்படும் மூன்று விலங்குகளில் கடலில் வாழும் மோசசோரும் வானில் பறக்கும் குவெட்சல்கொவாட்லசும் டைனோசர்களே அல்ல. அவை வேறு ஊர்வன வகைகள். படம் பார்க்கும் சிறுவர்கள் மூன்றையும் ஒரே இனமென்று எண்ணிக்கொள்வதற்கு இடமுண்டு. எல்லாவற்றிலும் பெரிய குறை, இறுதியில் வரும் 'டிஸ்டோர்டஸ் ரெக்ஸ்' என்ற ஆறு அவயவங்கள் கொண்ட உருக்குலைந்த பிராணி. அது எந்தப் பாறையிலிருந்தும் வந்ததல்ல. கையில் செய்தி தீர்ந்தபோது போடப்பட்ட ஆச்சரியக்குறி அது!

இங்கே நம் வாசகர்களுக்கு ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும். அந்தத் தொல்லுயிரியலாளர் கண்கலங்கி நிற்கும் டைட்டனோசரஸ் என்ற பெயர் அமெரிக்காவில் பிறந்ததல்ல; இந்தியாவில் பிறந்தது. தக்கர் என்ற வழிப்பறிக் கூட்டத்தினரை அடக்கியவர் என்று வரலாற்று நூல்களில் பேசப்படும் ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஸ்லீமன், 1828இல் மத்திய இந்தியாவின் ஜபல்பூரில் சில எலும்புகளைக் கண்டெடுத்தார். அங்கிருந்து கிடைத்த வால் எலும்புகளை வைத்து ரிச்சர்ட் லிடெக்கர் 1877இல் டைட்டனோசரஸ் என்று பெயரிட்டார். அந்த எலும்புகள் பின்னர் எங்கோ காணாமற்போயின. 2012இல்தான் கல்கத்தாவில் உள்ள இந்தியப் புவிச்சரிதவியல் ஆய்வுத் திணைக்களத்தின் சேகரிப்பில் அவை மீண்டும் இனங்காணப்பட்டன. திரையில் அந்த விலங்கிற்குக் கொடுத்திருக்கும் சாட்டை போன்ற நீண்ட வால் கலைஞர்களின் கற்பனையே.

தமிழ்நாட்டின் அரியலூர் அருகே கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளின் கதை இதனைவிடத் துயரமானது. பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் 1980களின் இறுதியில் அவற்றை விவரித்து, பேருடல் என்ற பொருள்பட பிருகத்காயசோரஸ் என்று பெயரிட்டனர். கீழ்க்கால் எலும்பின் நீளம் மட்டும் ஏறக்குறைய 2 மீற்றர். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்ட அது, பின்னர் டைட்டனோசர் குடும்பத்தைச் சேர்ந்த தாவரவுண்ணி என்று கொள்ளப்பட்டது. உலகில் நடமாடிய மிகப்பெரிய தரை விலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஆனால் அதனை உறுதிசெய்ய இன்று வழியில்லை. அந்த எலும்புகள் உதிர்ந்து சிதைந்து போய்விட்டன. எஞ்சியிருப்பவை சில வரைபடங்களும் பழைய புகைப்படங்களுமே.

உருக்குலைந்த ஓர் அரக்கனைக் கணினியில் படைக்கக் கோடிக்கணக்கான டொலர்களைச் செலவிடும் அதே உலகில்தான், மண்ணிலிருந்து கிடைத்த மெய்யான பேருடல் ஒன்று பொடியாகிப்போனது. ஹொலிவூட்டை இதற்குக் குற்றஞ்சாட்டுவது நியாயமல்ல. எலும்பைக் காப்பது சினிமாக்காரரின் பணியல்ல. எனினும் 1993இல் ஒரு படம் எத்தனையோ சிறுவர்களை அருங்காட்சியகங்களை நோக்கித் திரும்பவைத்தது. அந்த ஆற்றல் இன்றும் இந்தப் படங்களுக்கு உண்டு என்பதற்குப் புல்வெளிக் காட்சியே சாட்சி.

'ரீபேர்த்' என்றால் மறுபிறப்பு. ஏழாவது படம் அந்தப் பெயருக்கு முழுமையாக உரித்தாகவில்லை. முந்திய சில படங்களைவிட மேலானது என்று மட்டும் சொல்லலாம். எட்டாவது படமும் ஒருநாள் வரக்கூடும். அதனை எழுதப்போகிறவர் இன்னும் பெரிய அரக்கனைத் தேடவேண்டியதில்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் நிலத்திலிருந்து வந்த செய்திகளை வாசித்தாலே போதும். தொடர்ச்சிச் செய்திக்கான புதிய தகவல் அங்கே வேண்டியமட்டும் கிடக்கிறது.