யார் வீட்டுப் பிள்ளை?

கிராமத்துக்குப் புதிதாக ஒருவன் வந்தால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவர் அவனுடைய பெயரைக் கேட்கமாட்டார். "நீ யார் வீட்டுப் பிள்ளையப்பா?" என்றுதான் கேட்பார். தகப்பனார் பெயரைச் சொன்னால் போதும். அங்கிருந்து பாட்டனார், முப்பாட்டனார் என்று மளமளவென்று ஏறி, அந்தக் குடும்பத்துக் கிணறு எந்த வருஷம் தூர்ந்துபோயிற்று என்பது வரைக்கும் சொல்லிவிடுவார்.

இந்தத் திண்ணைக் கேள்வியைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் மனிதன் சந்திரனுக்குப் போனான் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கொஞ்சம் பொறுத்துக் கதையைக் கேளுங்கள்.

1961-ஆம் ஆண்டு மே மாதம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மனிதனைச் சந்திரனில் இறக்கிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஜனாதிபதி கென்னடி அமெரிக்கக் காங்கிரசில் பேசினார். பேசுவது சுலபம். அதற்காகக் கட்டிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் உயரம் 363 அடி. ராக்கெட்டிலும் அதன் உச்சியில் வைத்த அப்பல்லோ விண்கலத்திலுமாகச் சேர்ந்து லட்சக்கணக்கான பாகங்கள். எந்தத் திருகாணி எந்தத் தகட்டைச் சேர்ந்தது, அந்தத் தகடு எந்தப் பெட்டியைச் சேர்ந்தது என்று யார் கணக்கு வைப்பது?

1966-இல் ஐ.பி.எம். நிபுணர்களும், கலிபோர்னியாவில் விண்கலம் கட்டிய கம்பெனியின் ஆட்களும், டிராக்டர் செய்யும் காட்டர்பில்லர் கம்பெனியார் சிலரும் கூடி உட்கார்ந்தார்கள். கம்ப்யூட்டருக்குள் ஒரு வம்சாவளி மரம் வளர்ப்பது என்று தீர்மானித்தார்கள். 1968 ஆகஸ்ட் 14 அன்று, டௌனி என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையில், ஒரு தட்டெழுத்து யந்திரம் "தயார்" என்று பொருள்படும் ஒற்றை வார்த்தையை அடித்துக் காட்டியது. மரம் உயிர் பெற்றுவிட்டது!

இந்த மரம் தலைகீழ் மரம். வேர் மேலே, கிளைகள் கீழே. ஒவ்வொரு பொருளும் மரத்தில் ஒரு கணு. மேலே இருப்பது தாய்க் கணு. அதிலிருந்து பிரிவது பிள்ளைக் கணு. சட்டதிட்டங்கள் நம்முடைய பழைய கூட்டுக் குடும்பத்தைவிடக் கண்டிப்பானவை. ஒரு தாய்க்கு எத்தனை பிள்ளைகள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரே தாய். தாய் இல்லாமல் பிள்ளையைச் சேர்க்க முடியாது. தாயை எடுத்துவிட்டால் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று அந்தக் கிளை முழுவதும் கூடவே போய்விடும்.

ஒரே மாதிரித் திருகாணி ஆயிரம் இடங்களில் வேண்டியிருக்குமே, அதற்கு என்ன செய்வது? அதை ஓரிடத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் "அங்கே போய்ப் பார்" என்று ஒரு கைகாட்டி நாட்டிவைத்தார்கள்.

பொதுவாக மரம் என்ற அமைப்பில் சுலபமாகத் தோன்றும் காரியம் ஒன்று உண்டு. ஒரு கிளையை ஓரிடத்திலிருந்து வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டுவது. அதன் கீழே ஆயிரம் கணுக்கள் இருந்தாலும் அவற்றில் ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை. உச்சிக் கணுவிடம், "இனிமேல் உன் தாய் இவள் அல்ல, அவள்" என்று சொல்லிவிட்டால் போதும். கீழே இருப்பவர்களுக்குத் தாங்கள் வீடு மாறியதுகூடத் தெரியாது.

இந்தச் சுலபத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது.

அதே 1968-இல், அதே டௌனியில், அக்டோபர் மாதத்தில் ஒரு சம்பவம் நடந்தது. அப்பல்லோ 10 விண்கலத்தில் பொருத்தியிருந்த பிராணவாயுத் தொட்டிகளை, ஒரு திருத்தம் செய்வதற்காக, அவை அமர்ந்திருந்த தட்டோடு கழற்றினார்கள். ஒரு திருகாணியைக் கழற்ற மறந்துவிட்டார்கள். தூக்கும்போது தட்டு சுமார் இரண்டு அங்குலம் நழுவி விழுந்தது. எடுத்தார்கள், சோதித்தார்கள், சரியாக இருக்கிறது என்றார்கள். நவம்பரில் அதை வேறொரு கலத்தில் பொருத்தினார்கள். அந்தக் கலம்தான் அப்பல்லோ 13.

கிளை தாய் மாறிவிட்டது. கிளைக்குள்ளே என்ன இருந்தது?

தொட்டிக்குள் ஒரு சூடேற்றி. சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சின்ன விசைகளும் அதில் உண்டு. அந்த விசைகள் 28 வோல்ட் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை. 1965-இல், ஏவுதளத்தில் 65 வோல்ட் கொடுப்போம், அதற்கேற்பத் தொட்டியைச் செய்யுங்கள் என்று உத்தரவு போயிற்று. உத்தரவு தாய்க் கணுவுக்கு வந்து சேர்ந்தது. பேரப்பிள்ளையான விசைக்கு எட்டவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பரிசோதனைகள் நடந்தும், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

1970 மார்ச்சில் ஏவுதளத்தில் ஒத்திகை நடந்தது. விழுந்து எழுந்த அந்தத் தொட்டியிலிருந்து பிராணவாயு வழக்கம்போல் காலியாகவில்லை. சூடேற்றி விரட்டிவிடலாம் என்று சுமார் எட்டு மணி நேரம் சூடேற்றியை ஓடவிட்டார்கள். 65 வோல்ட் பாய்ந்ததில் விசைகள் ஒட்டிக்கொண்டன. சூடு ஏறிக்கொண்டே போயிற்று. உள்ளே கம்பிகளின் உறை கருகியது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தொட்டி காலியாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 11 அன்று அப்பல்லோ 13 கிளம்பியது. 13-ஆம் தேதி, பூமியிலிருந்து சுமார் இரண்டு லட்சம் மைலுக்கு அப்பால், தொட்டியைக் கலக்கும் விசிறியைப் போட்டார்கள். தொட்டி வெடித்தது. லவல், ஸ்விகர்ட், ஹெய்ஸ் என்ற மூவரும், சந்திரனில் இறங்குவதற்கென்று கொண்டுபோன சின்னக் கலத்துக்குள் ஒண்டிக்கொண்டு, குளிரில் நடுங்கிக்கொண்டு, 17-ஆம் தேதி உயிரோடு கடலில் வந்து இறங்கினார்கள்.

இந்த விபத்துக்கு அந்தக் கம்ப்யூட்டர் மரம் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. அந்த மரம் நல்ல மரம். அதன் வாரிசு இன்றைக்கும் பல பெரிய வங்கிகளில் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. நான் சொல்வது மரத்தைப் பராமரிக்கும் மனிதர்களைப் பற்றி. கிளையை மாற்றி நட்டால், இலையும் வரும், இலைக்கு அடியில் இருக்கும் புழுவும் வரும். தாய்க்கு ஒரு மாறுதல் சொன்னால், கடைசிக் கொழுந்து வரைக்கும் அது இறங்கியதா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

நம்முடைய திண்ணைக் கிழவருக்கு இது தெரியும். "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டு மரத்தில் ஏறியவர் அதோடு விட்டுவிடுகிறாரா? "பாட்டி சௌக்கியமா? தம்பி படிக்கிறானா? கடைக்குட்டிக்குக் காது வலி என்றார்களே, குணமாயிற்றா?" என்று கிளை கிளையாக இறங்கி வந்து கேட்பார். நாம் அலுத்துக்கொள்வோம்.

டௌனியில் அப்படி ஒரு கிழவர் இருந்திருந்தால், அந்தச் சின்ன விசையின் சௌக்கியத்தையும் விசாரித்திருப்பார்.