வேண்டாம் என்று போட்ட ஓட்டு

நான் படித்த மாநகராட்சிப் பள்ளியின் வாசலில் ஒரு கல்வெட்டு உண்டு. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் அதில் இருக்காது. நாங்களும் கேட்டதில்லை. “பள்ளிக்கூடம் கட்ட ஊர் கடன் வாங்கப்போகுது, சம்மதமா?” என்று அம்மா அப்பாவிடம் யாரும் வந்து நின்றதும் இல்லை. நம்ம ஊரில் அந்த வழக்கமே கிடையாது. 2001-ல் மதுரை மாநகராட்சி உள்வட்டச் சாலைக்காகக் கடன் பத்திரம் வெளியிட்டபோதுகூட மதுரைக்காரர்கள் அதற்காக வாக்குச்சாவடிக்குப் போகவில்லை.

அமெரிக்காவில் பல நகரங்களில் கேட்பார்கள். குடிநீர்க் குழாய், சாக்கடை, பள்ளி, பூங்கா என்று பெரிய செலவு வந்தால் நகராட்சி கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டும். அதை வட்டியோடு பல வருஷம் வரிப்பணத்திலிருந்து அடைக்க வேண்டும். அதனால் முதலில் வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பள்ளிக்கூடம் கட்டுவதற்கு யாராவது வேண்டாம் என்பார்களா?

சொன்னார்கள். அதுவும், பள்ளிக்கூடம் யாருக்கு மிக அதிகமாகத் தேவைப்பட்டதோ அவர்களே சொன்னார்கள். ஊர், ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா. வருஷம், 1919.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அட்லாண்டாவில் அரசுப் பள்ளிகள் 1872-ல் தொடங்கின. வெள்ளைப் பையன்களுக்கு ஒரு உயர்நிலைப் பள்ளி, வெள்ளைப் பெண்களுக்கு ஒன்று. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளி மட்டும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால், கறுப்பினத்தவர்களுக்கான தனியார் கல்லூரிகளோடு சேர்ந்து நடந்த பள்ளி வகுப்புகளில் கட்டணம் கட்டிப் படிக்க வேண்டும். கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், அந்தக் கதவும் சாத்திக் கிடந்தது. அதே மாநிலத்தின் அகஸ்டாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே அரசு உயர்நிலைப் பள்ளியை 1897-ல் மூடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1899-ல் வந்த தீர்ப்பு, மூடியதில் தலையிட மறுத்துவிட்டது.

1913-ல் லுஜீனியா பர்ன்ஸ் ஹோப் தலைமையில் அட்லாண்டாவின் கறுப்பினப் பெண்கள் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கிப் பார்த்தார்கள். இடநெருக்கடி. காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று ஷிஃப்ட் போட்டுப் பாடம். பார்த்ததையெல்லாம் எழுதி மனு கொடுத்தார்கள். கிடைத்தது என்ன? கறுப்பினப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பை எடுத்தார்கள். அடுத்து ஏழாம் வகுப்பையும் எடுத்துவிட்டு, அந்தப் பணத்தை வெள்ளையர் பள்ளிக்குத் திருப்பப் பார்த்தார்கள். அந்தச் சண்டையில்தான் கறுப்பினத்தவர் உரிமைக்கான தேசியச் சங்கத்துக்கு அட்லாண்டாவில் ஒரு கிளை உருவானது. பின்னாளில் அந்தச் சங்கத்தையே வழிநடத்திய வால்டர் ஒயிட் அன்று அந்தக் கிளையின் செயலாளர். ஏழாம் வகுப்பு தப்பியது. உயர்நிலைப் பள்ளி வரவில்லை.

சரி, ஓட்டுப் போட்டு ஆளை மாற்றலாமா? அங்கேதான் சிக்கல். ஜார்ஜியாவில் ஓட்டுப் போடத் தலைவரி கட்ட வேண்டும். கட்டாத வருஷங்களின் பாக்கியும் சேர்ந்துகொண்டே போகும். 1908-ல் எழுத்தறிவு, சொத்து என்று இன்னும் தடைகளைப் போட்டார்கள். இதையெல்லாம் தாண்டி வந்தாலும் பெரிய பயன் இல்லை. யார் ஜெயிப்பார் என்பது ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலேயே முடிவாகிவிடும். அதில் வெள்ளையருக்கு மட்டுமே இடம்.

அடைக்க மறந்த ஓட்டை ஒன்று இருந்தது. கடன் பத்திர வாக்கெடுப்பு எந்தக் கட்சியின் தேர்தலும் கிடையாது. பதிவு செய்த எல்லாரும் போடலாம். அதோடு, அதற்குப் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால் போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதாவது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே எதிர்த்தாலே திட்டம் விழுந்துவிடும். மேயரைத் தேர்ந்தெடுப்பதில் எந்த வலுவும் இல்லாத ஒரு சிறுபான்மை, மேயரின் கஜானாவைப் பூட்டிவைக்க முடியும்.

பூட்டினார்கள். அப்போது கிளைக்குத் தலைமை ஏற்றிருந்தவர் எபினேசர் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர் ஏ. டி. வில்லியம்ஸ். ஆட்களைத் திரட்டி, தலைவரி கட்டவைத்து, பெயரைப் பதியவைத்தார்கள். 1919 மார்ச்சில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது, தோற்றது. ஏப்ரலில் மறுபடி நடத்தினார்கள். அதுவும் தோற்றது.

கதையை இங்கேயே நிறுத்தினால் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அப்படிப் போக முடியவில்லை. அந்த நாளில் ஒரு அப்பாவை நினைத்துப் பார்க்கிறேன். அவர் பிள்ளை அரைநாள் ஷிஃப்டில் படிக்கிறது. வருஷக்கணக்கான தலைவரிப் பாக்கியைக் கட்டித்தான் ஓட்டுச்சீட்டை வாங்கியிருக்கிறார். வாங்கி, ஊர் மேம்பாட்டுக்கு வேண்டாம் என்று போட்டுவிட்டு வருகிறார். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்? “உனக்குப் பள்ளிக்கூடம் வரணும்னுதான் பள்ளிக்கூடம் வேண்டாம்னு போட்டேன்” என்றால் பத்து வயசுப் பிள்ளைக்குப் புரியுமா? பள்ளி பள்ளியாக ஏறி இறங்கிய பெண்களுக்கு அன்று அந்தச் சீட்டும் இல்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை தந்த அரசியல் சட்டத் திருத்தம் 1920-ல்தான் வந்தது.

1921 மார்ச்சில் நகரம் மறுபடி வந்து நின்றது. இந்தத் தடவை வாக்குறுதியோடு வந்தது: கறுப்பினப் பிள்ளைகளுக்கும் புதிய பள்ளிகள் வரும், ஒரு உயர்நிலைப் பள்ளியும் வரும். பள்ளிகளுக்கு மட்டும் 40 லட்சம் டாலர். கறுப்பின வாக்காளர்கள் ஆதரித்தார்கள். திட்டம் நிறைவேறியது. 1924 செப்டம்பரில் புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளி திறந்தது. அட்லாண்டாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான முதல் அரசு உயர்நிலைப் பள்ளி அதுதான். வெள்ளைப் பிள்ளைகளுக்குக் கிடைத்து 52 வருஷம் கழித்து! 1942-ல் அங்கே சேர்ந்த ஒரு பையன் போதகர் வில்லியம்ஸின் மகள்வழிப் பேரன். பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

பணம் சமமாகப் பங்கிடப்படவில்லை. பள்ளிகளும் நிறவாரியாகப் பிரிந்தேதான் இருந்தன. இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1919-ல் 13 வயதாக இருந்த பிள்ளைக்கு 1924-ல் 18 வயது. அந்த “வேண்டாம்” யாருக்காகப் போடப்பட்டதோ, அவர்களில் பலர் பள்ளி திறந்தபோது வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்கள் தம்பி தங்கச்சிகள் உள்ளே போனார்கள்.

இப்போதெல்லாம் தெருமுனையில் “மேம்பாட்டுப் பணிகள் நடைபெறுகின்றன” என்ற பலகையைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நிற்கிறேன். எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவோடு நிறுத்துகிறார்கள் என்று பார்க்கத் தோன்றுகிறது. என் பள்ளிக் கல்வெட்டில் முன்னிலை வகித்தவர்கள் ஏழு பேர். கடனை அடைத்தவர்களுக்கு அதில் ஒரு வரி இல்லை.