எடின்பரோவில் மூன்று நாள்



மகன் வீட்டுக்கு லண்டன் வந்த இடத்தில், நானும் உங்கள் கணக்கு சாரும் வெள்ளி முதல் ஞாயிறு வரை எடின்பரோ பார்த்து வந்தோம். எரிமலைப் பாறைமேல் கோட்டை. பகல் ஒரு மணிக்குப் பீரங்கி முழங்கும். கப்பல்கள் நேரம் பார்க்க 1861-இல் தொடங்கிய வழக்கம். சார் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டார்.

என் மனம் நின்றது பழைய பாராளுமன்ற மண்டபத்தில். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஆசிரியர், சம்பளம் நிலக்காரர்கள் பொறுப்பு என்று 1696-இல் ஸ்காட்லாந்து பாராளுமன்றம் சட்டம் போட்டது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஆனால் அதே ஆண்டு டிசம்பரில், இதே ஊரில், தாமஸ் ஐக்கன்ஹெட் என்ற மாணவனுக்கு மரண தண்டனை விதித்தார்கள். குற்றம், மதத்தைப் பழித்துப் பேசியது. சாட்சி சொன்னவர்கள் உடன் படித்தவர்கள். சின்ன வயது, மன்னியுங்கள் என்று மன்றாடினான். 1697 ஜனவரி 8 அன்று தூக்கிலிட்டார்கள். வயது 20. பிரிட்டனில் இக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட கடைசி ஆள் அவன்தான்.

பக்கத்து வீதியில் தத்துவஞானி டேவிட் ஹியூம் சிலை. மதத்தைக் கேள்வி கேட்டவர் என்று 1745-இல் இவ்வூர்ப் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தரவில்லை. இன்று மாணவர்கள் அதிர்ஷ்டம் வேண்டித் தொட்டுத் தொட்டு, சிலையின் கால் கட்டைவிரல் பளபளக்கிறது.

பள்ளி திறந்தால் மட்டும் போதாது. கேள்வி கேட்கும் பிள்ளையையும் காக்க வேண்டும். "உட்காரு" என்று நான் அதட்டிய சில முகங்கள் நினைவுக்கு வந்தன. அந்தப் பிள்ளைகள் இதைப் படித்தால், அன்று கேட்க வந்ததை இப்போது கேளுங்கள். டீச்சர் காத்திருக்கிறேன்.