செட்டிநாட்டில் நிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு



"பட்டணத்து வேலை போதும், காரைக்குடிப் பக்கம் நாலு ஏக்கர் வாங்கி, நெல்லு, காய்கறி, ரெண்டு மாடுன்னு சொந்தக் கையில பிழைச்சுக்கலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அங்கே முன்பு குடியேறியவர்களின் வரலாறே இதற்கு நல்ல பதில்.

நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுச் செய்தி. வந்து சேர்ந்த இடமோ வற்றாத ஆறு இல்லாத செம்மண் பூமி. பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே செம்புறாங்கல் தட்டும். ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே விழுகிற மழையைப் பிடித்து வைத்தார்கள். குடிக்க ஊருணி, பாசனத்துக்குக் கண்மாய். வீட்டுக் கூரைத் தண்ணீரைக்கூட முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்தார்கள்.

ஆனால் ஒன்று. அந்தப் பெரிய மாளிகைகளைக் கட்டியது இந்த மண்ணின் விளைச்சல் இல்லைங்க. பர்மா, இலங்கை, மலேயாவில் கொடுக்கல் வாங்கலில் வந்த பணம் அது. 1930 வாக்கில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் 1937க்குள் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1942இல் ஜப்பானியர் படை புகுந்தது. 1948இல் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. பணம் வந்த வழி அடைபட்டதும் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. தேக்குத் தூண்கள் விலைக்குப் போயின. பராமரித்த ஊருணி மட்டும் ஊருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தது.

ஆகவே வீட்டைப் பார்த்து மயங்காதீங்க. நிலத்தை ரெண்டு தடவை பாருங்க. ஐப்பசி மழையில் போய், கண்மாய்க்கு வரத்துக்கால் திறந்திருக்கா, சீமைக் கருவேல் அடைச்சிருக்கா, மடை ஒழுங்கா இருக்கா என்று நடந்து பாருங்கள். சித்திரையில் போய், பக்கத்துக் கிணற்றில் எத்தனை முழத்தில் தண்ணீர் என்று கயிறு விட்டுப் பாருங்கள். கடப்பாரையால் குழி போட்டு மண் ஆழமும் பாருங்கள். மேலாகவே கல் தட்டினால் நெல் ஆசையை விட்டுவிட்டு நிலக்கடலை, கேழ்வரகு, முந்திரி, ஆடு மாடு என்று போவதே புத்தி. செட்டிநாட்டிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே யோசனை கேளுங்கள்.

கடைசியாக, அந்த ஊரில் கண்மாய் மராமத்துக்கு ஆள் கூடுதா என்று டீக்கடையில் விசாரியுங்கள். வரத்துக்காலைத் தனி ஒருத்தர் வெட்டிக் காப்பாற்ற முடியாது. ஆள் கூடாத ஊரில் நிலம் மலிவாகக் கிடைத்தாலும், பொழைப்பு அங்கே கஷ்டம்தான்.