துப்பாக்கி ஓசையிடையே தொடர்ந்த சிகிச்சை

எய்ட்ஸ் நோய் முதன்முதலாக 1981ஆம் ஆண்டில் மருத்துவ ஏடுகளில் பதிவாயிற்று. அதற்குக் காரணமான எச்.ஐ.வி. வைரஸ் 1983இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை வந்தபின், சாவை எதிர்நோக்கிப் படுத்திருந்தவர்கள் எழுந்து நடமாடினர். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டும்.

அப்படியானால், போர் நடக்கும் ஊரில் என்ன செய்வது? சாலைகள் அடைபடும், மருத்துவமனை மூடப்படும், மக்கள் இரவோடிரவாக ஓடுவர். இத்தகைய இடங்களில் சிகிச்சையைத் தொடங்காமலிருப்பதே மேல் என்று கருதியோர் உண்டு. அவர்களுடைய அச்சம் வெறும் கற்பனையன்று.

கதிரியக்கப் பாடத்தில் ‘அரை ஆயுட்காலம்’ பற்றிப் படித்திருப்பீர்கள். இரத்தத்தில் கலந்த மருந்துக்கும் அது உண்டு. அக்காலக் கூட்டுச் சிகிச்சையில் இடம்பெற்ற லாமிவுடின் 5 முதல் 7 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். நெவிரபின் பாதியாவதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால், மற்றவை மறைந்த பிறகும் நெவிரபின் மட்டும் பல நாள் தங்கியிருக்கும். தனித்து நிற்கும் அந்த மருந்தை எதிர்க்கும் திறனை வைரஸ் எளிதில் பெற்றுவிடும். பிறகு அதே மருந்து கிடைத்தாலும் பயன் இராது.

இந்தச் சோதனையை நேரில் சந்தித்த ஊர் புக்காவு. இது காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே, கிவு ஏரிக்கரையில் உள்ளது. 1998இல் மூண்ட போரால் நலிந்த அந்நகரில், ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பினர் 2003 அக்டோபரில் கூட்டுச் சிகிச்சையைத் தொடங்கினர். எட்டே மாதத்தில், 2004 ஜூன் 2ஆம் நாள், கிளர்ச்சிப் படையினர் நகரைக் கைப்பற்றினர். எனினும் சிகிச்சை அறுந்துபோகவில்லை. கலகம் மூண்டால் செய்யவேண்டியதை மருத்துவர்கள் முன்கூட்டியே திட்டமிட்டிருந்தனர்.

போர்ப் பகுதிகளில் கையாளப்படும் வழிகள் எளியவை. கூடுதல் மாத்திரைகளை நோயாளியிடமே முன்னதாகக் கொடுத்துவைப்பர். ஓடிச் சேரும் ஊரின் மருத்துவர் அறியும்படி, மருந்து விவரம் எழுதிய அட்டையும் தருவர். நெவிரபின் வழக்கிலிருந்த அக்காலத்தில், நிறுத்தியே தீரவேண்டும் என்றால், அதை முதலில் நிறுத்தி மற்ற இரண்டையும் ஒரு வாரம் போலத் தொடரச் சொல்லிவந்தனர். அரை ஆயுட்காலக் கணக்கு அங்கே உயிர்காக்கும் கணக்காகிவிட்டது!

புக்காவு அனுபவம் 2007இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. அமைதி நிலவும் ஏழை நாடுகளில் கிடைத்ததற்கு ஒப்பான பலன் அங்கும் கிடைத்தது என்று அது காட்டியது. போர் நடக்கிறது என்பதற்காக நோயாளியைக் கைவிட வேண்டியதில்லை. போர் வரும் என்றெண்ணி ஆயத்தமாவதே அறிவுடைமை.