மூட்டுவலி மருந்தும் பாறுக் கழுகும்

எனக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். எங்கள் வீட்டு நாய்க்கும் பதின்மூன்று வயதாகிறது. பின்னங்கால் மூட்டில் அதே தொல்லை. காலையில் நாங்கள் இருவரும் எழுந்து நிற்கப் படும் பாட்டைப் பார்த்து என் மனைவி சிரிப்பாள். என் மாத்திரையில் பாதியை அதற்குக் கொடுக்கலாமா என்று சென்ற மாதம் கால்நடை மருத்துவரைக் கேட்டேன். "அந்தத் தப்பை மட்டும் செய்யாதீங்க ஐயா, வயிறு புண்ணாகி ரத்தமாப் போகும்" என்றார். நாய்க்கு மெலாக்சிகாம் எழுதிக் கொடுத்தார். என் மாத்திரை டைக்ளோஃபினாக். இந்த இரண்டு பெயர்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அதில் என் கையெழுத்தும் கொஞ்சம் உண்டு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1762-ல் லியோன் நகரில் தொடங்கியது என்பதை எங்கள் ஆசிரியர் பெருமையாகச் சொல்வார். 1829-ல் லெரூ என்ற பிரெஞ்சு மருந்தாளர் வில்லோ மரப்பட்டையிலிருந்து சாலிசினைப் பிரித்தெடுத்த கதையையும் சொல்வார். ஆஸ்பிரினுக்கு வழி அங்கிருந்துதான் பிறந்தது. பின்னாளில் உத்தியோகம் என்னைத் தருமபுரிக்கு இழுத்து வந்தது.

நம் பக்கத்துக்கும் குதிரைக்கும் பழைய உறவு. 2004 வரை நம் மாவட்டத்தில் இருந்த ஓசூரில், மத்திகிரிப் பண்ணை 1824-ல் ராணுவக் குதிரைகளுக்காகத்தான் ஏற்பட்டது. அந்தக் காலத்தில் குதிரை நொண்டினாலும் உழவு மாடு நொண்டினாலும் மூட்டில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு இழுப்பார்கள். வெள்ளைக்காரனும் குதிரைக்கு அதையே செய்தான்.

1949-ல் ஃபினைல்பியூட்டசோன் வந்தது. மனிதருக்கென்று வந்த அது குதிரை லாயங்களில் நிலைத்துவிட்டது. 1968-ல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் முதலில் வந்த குதிரையின் உடலில் இந்த மருந்து இருந்ததால் பரிசையே பறித்தார்கள். டைக்ளோஃபினாக் 1970-களில் மனிதர்களுக்கு வந்தது. 1990-களில் நம் நாட்டில் மாடுகளுக்கும் வந்தது. விலை மலிவு. ஊசி போட்ட சிறிது நேரத்தில் மாடு காலை ஊன்றும். சூட்டுக்கோலை மூலையில் போட்டார்கள்.

அப்போது நான் மருந்து இருப்புப் பதிவேடு எழுதும் குமாஸ்தா. எத்தனை குப்பி வந்தது, எத்தனை போனது என்று எழுதிக் கையெழுத்திடுவேன். நொண்டிய மாட்டை ஓட்டி வந்தவர், மாடு நடந்து திரும்புவதைப் பார்த்துக் கைகூப்புவார். நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அதே ஆண்டுகளில்தான் செத்த மாட்டைச் சுற்றி வட்டமிடும் பாறுக் கழுகுகள் குறைந்தன. ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் இதை முதலில் கவனித்துச் சொன்னார். காரணம் 2004-ல் வெளியானது. பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் டைக்ளோஃபினாக்கைக் கண்டுபிடித்தனர். ஊசி போட்ட சில நாட்களுக்குள் செத்த மாட்டைத் தின்றால் கழுகின் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் சுண்ணாம்புப் பொடிபோல ஈரலிலும் இதயத்திலும் படியும். மூட்டுவலிக்குச் செய்த மருந்து, பறவையின் உள்ளுறுப்புகளில் கீல்வாதத்தை உண்டாக்கியது. நூறு பிணத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே இனம் அழியப் போதுமாம். 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு 99-க்கு மேல் போய்விட்டது. அழுகிய பிணங்கள் தெருநாய்களுக்கு இரையாயின, நாய்க்கடியும் பெருகியது.

2006-ல் மாடுகளுக்கு இந்த மருந்தைத் தடை செய்தார்கள். மெலாக்சிகாம் கழுகுக்குத் தீங்கு செய்யாது என்பதும் அதே ஆண்டு உறுதியானது. ஆனாலும் மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது நிற்கவில்லை. அதனால் 2015-ல் மனிதருக்கான ஊசிமருந்துக் குப்பியை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் கால்நடைக்குத் தடையாயின. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க வேண்டுமானால் முதுமலை, மாயாறு பக்கம் போக வேண்டும்.

குற்றம் யாருடையது? மருத்துவருக்குத் தெரியாது, விவசாயிக்குத் தெரியாது, கையெழுத்திட்ட எனக்கும் தெரியாது. மாட்டின் வலி தீர்ந்ததும் பொய்யல்ல. ஆனால் இன்று தெரியும். மாடு வைத்திருக்கும் நண்பர்கள் ஊசி போடும் முன் மருந்தின் பெயரைக் கேளுங்கள். மெலாக்சிகாம் போதும்.

எங்கள் நாய் இப்போது வாசல்வரை நடக்கிறது. அதன் பின்னால் நானும் நடக்கிறேன். பழக்கதோஷத்தில் வானத்தைப் பார்க்கிறேன், பருந்துகள்தான் சுற்றுகின்றன.