பகடையும் மனச்சான்றும்

பொம்மைப் படைகளை மேசைமீது நிறுத்திப் போர் நடத்தும் விளையாட்டொன்று மேனாடுகளில் நெடுங்காலமாக உண்டு. இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடுவதே அதன் பொதுமுறை. ஆயினும் எதிராளி கிடைக்காத மாலைப்பொழுதில், ஒரே மனிதர் இரு படைகளையும் தாமே நடத்தி ஆடுவதும் அங்கே வழக்கம். அவர்களுள் சிலர், 1970களிலும் 1980களிலும் அச்சான பழைய விதிநூல்களைத் தேடியெடுத்து, வருங்காலத்தில் வேற்றுக் கோளொன்றில் நடக்கும் சிறு மோதலைக் கற்பனை செய்து ஆடுகின்றனர். விண்கலத்தில் வந்திறங்கிய பத்து வீரர் ஒருபுறம். வேற்றுலகினர் பதினைவர் மறுபுறம். நடுவே ஒரு பகடை. இருபுறமும் ஆடுபவர் ஒருவரே என்றால் வெல்வது யார், தோற்பது யார்? வேடிக்கையாகத் தோன்றும் இக்கேள்வி நம்மைச் சிலகாலம் சிந்திக்க வைத்தது. இவ்விளையாட்டின் வரலாற்றைப் புரட்டியபோது, அது மனச்சான்றைப் பற்றிய கேள்வியாகவே நமக்குப் பட்டது.

இதன் வேர் நம் நாட்டில் இருக்கிறது. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையைக் கட்டங்களுக்குள் அடக்கிய சதுரங்கம், பாரசீகமும் அரபு நாடுகளும் கடந்து ஐரோப்பாவை அடைந்தது. ஜெர்மானியரான ஹெல்விக் 1780இல் அதன் பலகையைப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு நிலத்தின் தன்மைக்கேற்ப நிறந்தீட்டிப் போர்க்களமாக மாற்றினார். பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் பிரபு 1812இல் நிலத்தோற்றம் பதித்த மேசையொன்றைச் செய்து தம் மன்னருக்குக் காட்டினார். படை அதிகாரியான அவர் மகன் 1824இல் அதனை நிலப்படத்தின்மீது ஆடும் போர்ப் பயிற்சியாக வளர்த்தார். சதுரங்கத்தில் இல்லாத இரண்டு இங்கே இடம்பெற்றன. ஒன்று, சுட்ட குண்டு எவ்வளவு சேதம் விளைத்தது என்பதைச் சொல்லும் பகடை. மற்றொன்று, இரு தரப்பாரின் ஆணைகளையும் வாங்கி முடிவு கூறும் நடுவர். தன் விருப்பம் களத்தின் உண்மையாகிவிடாது என்பதைத் தளபதிக்கு உணர்த்தவே இவ்விரண்டும் வந்தன.

பகடை என்றதும் நம் மக்கள் முகஞ்சுளிப்பது இயல்பே. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்து அதனைக் கடிந்தார். ஆண்டவரின் அங்கிக்காகச் சிலுவையடியில் சீட்டுப் போட்ட வீரர்களைப் புனித வெள்ளிதோறும் நினைவுகூர்கிறோம். ஆயினும் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொண்டபோது திருத்தூதரும் சீட்டையே நாடினர் அன்றோ? பத்தாம் நூற்றாண்டில் காம்ப்ரே நகரின் ஆயராயிருந்த விபோல்டு, குருக்கள் ஆடுவதற்கென்றே ஒரு பகடையாட்டத்தை வகுத்தார். மூன்று பகடைகள் விழக்கூடிய 56 வகைகளுக்கும் 56 நற்பண்புகளைப் பெயரிட்டு, பொருளுக்குப் பதிலாகப் புண்ணியங்களை ஈட்டச் செய்தார். சூதாடி தன் பேராசை நிறைவேறப் பகடையை உருட்டுகிறான். ஓரவஞ்சனை நேரக்கூடாதென்று அஞ்சுகிறவன் தன் சார்பை விலக்கிவைக்க அதனை உருட்டுகிறான். கருவி ஒன்று, உள்ளம் வேறு.

போர் விளையாட்டைப் படைவீடுகளிலிருந்து இல்லங்களுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். செவ்வாய்க் கோளினர் பூமியைத் தாக்குவதாக 1898இல் நாவல் எழுதியவர். அறிவியல் புனைகதையின் முன்னோடி. நம் திருச்சபையைக் கடுமையாகச் சாடியவரும் அவரே. கத்தோலிக்க அறிஞர் ஹிலேர் பெல்லாக் 1926இல் அவரோடு நிகழ்த்திய சொற்போர் புகழ்பெற்றது. எனினும், எதிர்த்தரப்புக்கு நீதி செய்வதே இக்கட்டுரையின் பொருளாதலால், அவருக்குரிய சிறப்பை நாம் குறைத்துச் சொல்லலாகாது.

வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் விதிநூலை வெளியிட்டார். காலாள் ஒரு முறைக்கு ஓர் அடியும் குதிரைவீரன் இரண்டடியும் நகரலாம். வில்விசைப் பொம்மைப் பீரங்கியிலிருந்து சிறு மரத்துண்டு பாயும். அது வீழ்த்திய ஈய வீரர் மாண்டவராவர். நூலின் முடிவில் அவர் கூறுவதுதான் நெஞ்சைத் தொடுகிறது. மெய்யான போரைவிட இப்பொம்மைப் போர் எவ்வளவோ மேலானது. போர் நாடும் பெரிய மனிதர்களை ஓரிடத்தில் அடைத்துப் பொம்மைகளைக் கொடுத்து, அவர்கள் விருப்பம்போல் ஆடவிட்டு, மற்றவர் அமைதியாக வாழலாம் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. 1903இல் அவர் கதையாகப் புனைந்திருந்த இரும்பு ஊர்திகளை நினைவூட்டும் டாங்குகள், 1916இல் சோம் ஆற்றுப் போர்க்களத்தில் உண்மையாகவே ஊர்ந்தன. பொம்மைகள் மீண்டும் பெட்டிக்குள் சென்றன. இளைஞர்கள் வீடு திரும்பவில்லை.

இரண்டாம் உலகப் போரில் டாங்குப் படையில் பணிபுரிந்த டொனால்டு பெதர்ஸ்டோன் என்பார், பின்னர் இயன்முறை மருத்துவராக வாழ்ந்துகொண்டே 1962இல் இவ்விளையாட்டுக்கு நூலெழுதிப் புத்துயிர் அளித்தார். 1973இல் தனியொருவர் ஆடுவதற்கென்றே ஒரு நூலை வெளியிட்டார். அதற்கடுத்த ஆண்டுகளில் வேற்றுலகப் போர்களுக்கான விதிநூல்கள் வரத்தொடங்கின. அவற்றுள் பெயர்பெற்றது, ரிக் பிரீஸ்ட்லி எழுதி 1987இல் வெளிவந்த 'ரோக் டிரேடர்'. நாற்பதாயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தைய உலகத்தை அது வரைகிறது. அங்கும் போர் ஓயவில்லை. வெல்சின் நூலில் விரித்துரைக்கப்படும் போர் ஒரு பண்ணையில் நடக்கிறது. பிரீஸ்ட்லியின் நூல் தரும் தொடக்கப் போரும் ஒரு பண்ணையில்தான். கோள் மாறினும் மனிதர் சண்டையிடுவது அதே களத்துமேட்டுக்காகத்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

அந்தப் பழைய விதிநூல், இரு ஆட்டக்காரரோடு மூன்றாமவர் ஒருவர் நடுவராக இருப்பதையே விரும்புகிறது. தனித்து ஆடுபவரோ மூவரின் பணியையும் ஏற்கிறார். அதற்காக அவர் தம்மைத் தாமே கட்டுப்படுத்தும் சில ஒழுங்குகளைக் கைக்கொள்கிறார். பகைவர் செய்யக்கூடியவற்றை முன்கூட்டியே எழுதிவைக்கிறார்: பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தால் முன்னேறுவர், மூன்றோ நான்கோ விழுந்தால் நின்று சுடுவர், ஐந்தோ ஆறோ விழுந்தால் பின்வாங்குவர். மறைந்திருக்கும் பகைவருக்கு அடையாளச் சீட்டுகளைக் கவிழ்த்து வைக்கிறார். அவற்றுள் சில வெற்றுச் சீட்டுகள், எவை என்று அவருக்கே தெரியாது. பின்னர் ஒவ்வொரு வீரனாக நகர்த்துகிறார். சாதாரண வீரன் சுட்டால் நான்கோ அதற்கு மேலோ விழவேண்டும். மூன்று விழுந்தால் குறி தவறியது. அவ்வளவே. பார்ப்பவர் எவருமில்லை, கேட்பவர் எவருமில்லை.

இதனை வாசித்தறிந்ததோடு நில்லாமல், ஓரிரவு காகிதத் துண்டுகளும் ஒரு பகடையும் கொண்டு நாமே ஆடிப் பார்த்தோம். முதல் அரைமணி நேரத்துக்குள் நமக்கு ஒரு படைமீது பற்று உண்டாகிவிட்டது. மனிதர் படைத் தலைவனுக்குப் பெயர்கூடச் சூட்டியிருந்தோம். அவனை நோக்கிப் பகைவன் சுட்டபோது ஐந்து விழுந்தது. பகடை ஒரு தாளின் ஓரத்தில் சாய்ந்து நின்றதாக உடனே நமக்குத் தோன்றியது, மீண்டும் உருட்டினோம். இரண்டு விழுந்தது, தலைவன் பிழைத்தான். அடுத்த முறை நம் தலைவன் சுட்டபோதும் பகடை அவ்வாறே சாய்ந்து நின்றது, அது ஆறு. அதை மீண்டும் உருட்ட நமக்குத் தோன்றவில்லை. முப்பது ஆண்டுகளாக ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்து பிறர் குறைகளைக் கேட்டவர் நாம். காகிதத் துண்டுகளுக்கே நம்மால் நீதி செய்ய இயலவில்லை.

நம் பிழையால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் வரலாற்றில் இதே பிழை உயிர்களை விலையாகக் கேட்டதுண்டு. 1942ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், மிட்வே தீவைத் தாக்கத் திட்டமிட்ட ஜப்பானியக் கடற்படையினர், யமாட்டோ என்னும் போர்க்கப்பலில் அத்திட்டத்தை விளையாட்டாக ஆடிப் பார்த்தனர். எதிரி விமானங்களின் தாக்குதலுக்கு நடுவர் பகடை உருட்டினார். ஒன்பது குண்டுகள் இலக்கில் பட்டன. அகாகி, காகா என்னும் இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின என்றாயிற்று. ஆட்டத்துக்குத் தலைமை ஏற்ற தளபதி உகாக்கி குறுக்கிட்டு, பட்டவை மூன்றே எனத் திருத்தினார். அகாகி தப்பியது. மூழ்கிய காகாவும் ஆட்டத்தின் அடுத்த கட்டத்தில் மீண்டும் மிதந்தது. இதனைப் போருக்குப்பின் பதிவு செய்தவர்கள் அக்கடற்படையின் அதிகாரிகளே. ஜூன் 4 அன்று மெய்யான போரில் தாக்குண்ட நான்கு ஜப்பானிய விமானந்தாங்கிகளும் மூழ்கின. அவற்றுள் அகாகியும் காகாவும் இருந்தன. ஏறத்தாழ 3,000 ஜப்பானியரும் 300 அமெரிக்கரும் உயிரிழந்தனர். தோல்விக்குக் காரணங்கள் பல. எனினும் மேசைமீது எதிரிக்கு உரியதை மறுத்தவர்கள், எச்சரிக்கையொன்றைத் தாமே அழித்துக்கொண்டார்கள் என்பது மறுக்கவியலாதது.

விளையாட்டைத் திருச்சபை வெறுத்ததில்லை. எந்நேரமும் வளைத்த வில் முறிந்துபோகும் என்று திருத்தூதர் யோவான் வேட்டைக்காரனுக்கு உணர்த்தியதாக வழங்கும் கதையைப் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் எடுத்தாள்கிறார். உடலைப்போல ஆன்மாவுக்கும் ஓய்வு வேண்டும்; விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டு; ஆயினும் அது பிறருக்குத் தீங்காகவோ, உள்ளத்தின் சமநிலை குலையுமாறோ அமையலாகாது என்பது அவர் போதனை. போரை விளையாடலாமா என்று நம்மைக் கேட்டால், எதிரியும் ஓர் ஆள், அவனுக்கும் ஒரு முறை உண்டு என்பதை அது கற்பிக்கும்வரை ஆடலாம் என்போம். போரே மனிதனின் நிலையான விதி என்று நம்பத் தொடங்கினால் பெட்டியை மூடிவிடுதல் நன்று.

அன்பர்களே, நம்மில் பலர் ஈயப் பொம்மைகளைக் கண்டதே இல்லை. ஆயினும் தனித்தாடும் இவ்விளையாட்டு நம் எல்லாருக்கும் பழக்கமானது. வரப்புத் தகராறில் பேச்சறுந்த அண்ணனோடும், சொல்லொன்றால் நம்மைப் புண்படுத்திய அயலாரோடும் இரவில் பாயில் படுத்தபடி வழக்காடுகிறோம். அவர் பேச வேண்டியதையும் நாமே பேசுகிறோம். அதற்கு மறுமொழியும் நாமே தருகிறோம். இருபுறமும் ஆடுபவர் நாமாக இருந்தும், ஒவ்வோர் இரவும் நாமே வெல்கிறோம். அவருக்காக ஒருமுறையேனும் பகடையை நேர்மையாக உருட்டியதுண்டா? அவர் பக்கத்தில் நின்று களத்தைப் பார்த்ததுண்டா?

காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரரிடம் போகச் சொன்னார் ஆண்டவர். இரவில் நாம் நடத்தும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பதே அதன் பொருள் என்று நாம் கொள்கிறோம். அங்கே அவருடைய மறுமொழியை அவரே சொல்வார்.